பிராங்கிளின் ரூஸ்வெல்ட்டும் உயர் குருதியமுக்கமும்



வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போரைப் படிக்கும்போது ரூஸ்வெல்ட் என்ற பெயரைச் சந்திக்கிறீர்கள். விஞ்ஞானப் பாடத்தில் குருதிச் சுற்றோட்டத்தைப் படிக்கும்போது இடது இதயவறையின் தடித்த சுவரைச் சந்திக்கிறீர்கள். ஒன்று ஒரு கொப்பியில் இருக்கிறது, மற்றது வேறொரு கொப்பியில் இருக்கிறது. ஆனால் இவ்விரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் ஒன்றுசேர்ந்தன. உலகின் மிகப் பலம் வாய்ந்த பதவியில் இருந்த அவரைப் பல ஆண்டுகளாக உள்ளிருந்து அரித்த நோய் உயர் குருதியமுக்கம். அவரது வாழ்க்கையைக் கவனமாக வாசியுங்கள். பாடமும் விளங்கும், பரீட்சைக்கும் உதவும், வீட்டுக்கும் பயன்படும்.

1. இளமைக்காலம்

பிராங்கிளின் டெலனோ ரூஸ்வெல்ட் 1882 ஜனவரி 30ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் உள்ள ஹைட் பார்க் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ், தாய் சாரா. தாய்க்கு இவர் ஒரே பிள்ளை. வசதி படைத்த குடும்பம். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கற்றார். பின்னர் கொலம்பியாவில் சட்டம் படித்தார். 1905இல் எலினோரை மணந்தார். எலினோர் அப்போது ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட்டின் சகோதரர் மகள் ஆவார்.

1910இல் நியூயோர்க் மாநில செனற் சபைக்குத் தெரிவானார். 1913 முதல் 1920 வரை கடற்படைத் திணைக்களத்தின் துணைச் செயலாளராகப் பணியாற்றினார். 1920இல் உபஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். ஆயினும் நாடறிந்த அரசியல்வாதியாகிவிட்டார்.

2. முதல் நோய்

1921 ஓகஸ்ட் மாதத்தில், 39 வயதில், கனடாவின் கம்போபெல்லோ தீவில் விடுமுறையைக் கழிக்கச் சென்றிருந்தபோது கடும் காய்ச்சலுடன் அவரது கால்கள் செயலிழந்தன. வைத்தியர்கள் அதனைப் போலியோ என நிர்ணயித்தனர். அதன் பின்னர் துணையின்றி நடக்க அவரால் இயலவில்லை. கால்களில் இரும்புக் கவசம் பூட்டி, ஒருவரின் கையைப் பற்றிக்கொண்டு, சில அடிகள் மட்டுமே நடப்பார். ஏனைய நேரங்களில் சக்கர நாற்காலிதான்.

ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள வோம் ஸ்பிரிங்ஸ் என்னும் இடத்தின் வெந்நீரூற்றில் நீந்துவது கால்களுக்கு நல்லது எனக் கேள்விப்பட்டு 1924இல் அங்கு சென்றார். 1927இல் தம்மைப் போன்ற நோயாளருக்காக அங்கே ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தினார். இந்த இடத்தின் பெயரை நினைவில் வைத்திருங்கள். இவரது வாழ்க்கை முடிவதும் இங்கேதான்.

இந்த நோய் கண்ணுக்குத் தெரிந்தது. அதனுடன் அவர் போராடினார். அடுத்து வந்த நோயோ கண்ணுக்குத் தெரியவில்லை. வலிக்கவும் இல்லை. ஆகவே அதனுடன் போராட எவரும் முன்வரவில்லை.

3. ஜனாதிபதிப் பதவி

1928இல் நியூயோர்க்கின் ஆளுநராகத் தெரிவானார். 1932 தேர்தலில் வென்று 1933 மார்ச் 4ஆம் திகதி ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அப்போது பெரும் பொருளாதார மந்தத்தால் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் வேலையற்றிருந்தனர். வங்கிகள் மூடிக் கிடந்தன. புதிய ஒப்பந்தம் என அழைக்கப்படும் திட்டங்களால் வங்கிகளை ஒழுங்குபடுத்தினார், பொது வேலைகளை ஆரம்பித்தார், 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றினார்.

1936, 1940, 1944 ஆகிய ஆண்டுகளிலும் வெற்றி பெற்றார். நான்கு தடவை ஜனாதிபதியாகத் தெரிவான ஒரே அமெரிக்கர் இவரே. 1951இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 22ஆவது திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் தெரிவாக முடியாது. 1941 டிசம்பர் 7ஆம் திகதி ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் அமெரிக்கா போரில் இறங்கியது. அன்று முதல் ஓய்வென்பது அவருக்கு அரிதாயிற்று.

4. எண்கள் சொன்ன கதை

குருதியமுக்கம் இரண்டு எண்களால் எழுதப்படுகிறது. மேலெண் இதயவறைகள் சுருங்கிக் குருதியை நாடிகளுக்குள் தள்ளும்போது உள்ள அமுக்கம். கீழெண் இதயவறைகள் தளரும்போது உள்ள அமுக்கம். அலகு மில்லிமீற்றர் இரசம். ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு ஏறக்குறைய 120/80 எனக் கொள்ளப்படும். 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து காணப்பட்டால் அது பொதுவாக உயர் குருதியமுக்கம் எனப்படும்.

இனி ரூஸ்வெல்ட்டின் அளவீடுகளைப் பாருங்கள்.

1935 ஜூலை: 136/78
1937 ஏப்ரல்: 162/98
1941 பெப்ரவரி: 188/105
1944 மார்ச்: 186/108
1944 நவம்பர்: 260/150

இந்த எண்களை வரைபாக வரைந்தால் கோடு பெரும்பாலும் மேல்நோக்கியே செல்லும். அப்படியிருந்தும் 1937 முதல் 1944 வரை இதற்கெனக் குறிப்பிடத்தக்க சிகிச்சை எதுவும் அளிக்கப்படவில்லை. காரணங்கள் இரண்டு.

முதலாவது, அன்றைய மருத்துவ அறிவு. வயது கூடக் கூடக் குருதியமுக்கம் கூடுவது இயல்பு என்றும், ஒடுங்கிய நாடிகளினூடாகக் குருதியைத் தள்ள அந்த அமுக்கம் தேவை என்றும் அக்காலத்தில் வைத்தியர் பலர் கருதினர். குறைத்தால் தீங்கு வரலாம் என அஞ்சியவர்களும் இருந்தனர். பாதுகாப்பாகக் குறைக்கக்கூடிய மாத்திரையும் அப்போது இருக்கவில்லை.

இரண்டாவது, ஜனாதிபதியின் சொந்த வைத்தியரான அட்மிரல் ரொஸ் மக்கின்ரயர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். ரூஸ்வெல்ட்டின் அடிக்கடி வரும் தடிமனையும் மூக்கடைப்பையும் அவர் கவனித்தார். இதயம் அவரது துறையன்று.

5. குருதிக்கலன்களுக்குள் நடப்பது என்ன?

தோட்டத்துக்கு நீர் இறைக்கும்போது குழாயை ஓரிடத்தில் மிதித்துப் பாருங்கள். பின்பக்கத்தில் குழாய் விறைத்துப் போகும். இயந்திரம் முனகும். நாடிகள் ஒடுங்கும்போதும் இதுவே நிகழ்கிறது. ஆனால் நாடிகளை மிதிப்பவர் யார்?

சிறு நாடிகளின் சுவரில் மழமழப்பான தசை உண்டு. அது சுருங்கினால் கலன் ஒடுங்கும், தளர்ந்தால் விரியும். சுருங்கு அல்லது தளர் என்ற செய்தியை அதற்குக் கொண்டுசெல்வதில் நரம்புகளுடன் சில இரசாயனப் பதார்த்தங்களுக்கும் பெரும் பங்குண்டு. முக்கியமானவை வருமாறு.

(அ) ரெனின்: சிறுநீரகம் சுரக்கும் நொதியம். 1898இல் சுவீடனில் ரைகர்ஸ்ரெட், பேர்க்மன் ஆகிய இருவரும் முயலின் சிறுநீரகச் சாற்றிலிருந்து இதனைக் கண்டறிந்தனர்.

(ஆ) அஞ்சியோதென்சின்: ரெனினின் செயலால் குருதியில் தோன்றும் பதார்த்தத்திலிருந்து உருவாகிறது. நாடிகளைப் பலமாக ஒடுங்கச் செய்கிறது. அதிரீனல் சுரப்பியைத் தூண்டி அல்டோஸ்தெரோன் என்னும் ஓமோனைச் சுரக்கச் செய்கிறது. அந்த ஓமோன் உப்பையும் நீரையும் உடலில் தங்க வைக்கிறது. குழாயும் ஒடுங்கி, ஓடும் நீரும் கூடினால் அமுக்கம் உயர்வதில் வியப்பில்லை.

(இ) எண்டோதீலின்: குருதிக்கலனின் உட்பக்கத்தைப் போர்த்தியுள்ள மெல்லிய கலப்படை சுரப்பது. இதுவும் கலனை ஒடுக்கும். 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதனை அறிவித்தனர்.

(ஈ) நைத்திரிக் ஒட்சைட்டு: அதே கலப்படை வெளிவிடும் வாயு. இது தசையைத் தளர்த்திக் கலனை விரிக்கும். இது பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக பேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆரோக்கியமான உடலில் ஒடுக்கும் பதார்த்தங்களும் விரிக்கும் பதார்த்தங்களும் தராசின் இரு தட்டுகள் போலச் சமநிலையில் உள்ளன. ஒடுக்கும் தட்டுத் தாழ்ந்தால் அமுக்கம் உயரும். புகைத்தல் கலனின் உட்படையைப் பாதித்து நைத்திரிக் ஒட்சைட்டைக் குறைக்கிறது. ரூஸ்வெல்ட் நாள்தோறும் ஒரு பெட்டி சிகரெட்டுக்குக் குறையாமல் புகைத்தவர் என்பதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

இன்னுமொரு பொருத்தமும் உண்டு. 1934இல் ஹரி கோல்ட்பிளாற் என்னும் அமெரிக்க ஆய்வாளர், நாயின் சிறுநீரக நாடியை இறுக்கினால் குருதியமுக்கம் உயரும் எனக் காட்டினார். 1939, 1940 ஆகிய ஆண்டுகளில் ஆர்ஜென்ரீனாவிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே அஞ்சியோதென்சினைக் கண்டுபிடித்தனர். ரூஸ்வெல்ட் பதவியிலிருந்த அதே ஆண்டுகளில், அவரது நாட்டின் ஆய்வுகூடங்களிலேயே, உயர் குருதியமுக்கத்தின் இரகசியம் திறக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் ஆய்வுகூடத்திலிருந்து மருந்துக் குப்பிக்கு வர அதற்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

6. இதயம் ஏன் பருக்கிறது?

இடது இதயவறை தொகுதிப் பெருநாடியினூடாக உடல் முழுவதற்கும் குருதியைச் செலுத்துகிறது. அதனால் சாதாரணமாகவே அதன் சுவர் வலது இதயவறையின் சுவரைவிடத் தடிப்பானது. இது நோயன்று. விடையெழுதும்போது பலர் இதனையும் நோயினால் வரும் தடிப்பையும் ஒன்றாகக் குழப்புவதுண்டு. கவனம்.

நாடிகளில் அமுக்கம் உயர்ந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் இடது இதயவறை கூடிய விசையுடன் தள்ள வேண்டும். மூட்டை சுமப்பவரின் புயம் திரள்வதைப் போல இதயத்தசையும் தடிக்கிறது. அஞ்சியோதென்சினும் எண்டோதீலினும் இதயத்தசைக் கலங்களிலேயே நேரடியாகச் செயற்பட்டு அவற்றைப் பருக்கச் செய்கின்றன. தசைக்கிடையே நார்த்தன்மையான இழையமும் பெருகுகிறது.

ஆனால் மூட்டை சுமப்பவருக்கு இரவில் ஓய்வுண்டு. இதயத்துக்கு இல்லை. தடித்த சுவர் விறைப்படைகிறது, நன்கு தளர்ந்து குருதியை ஏற்க முடிவதில்லை. தடித்த தசைக்குத் தேவையான ஒட்சிசனும் போதியளவு கிடைப்பதில்லை. காலப்போக்கில் இதயவறை விரிந்து தளர்ந்துபோகிறது. அப்போது தள்ளப்படாத குருதி பின்னோக்கித் தேங்கும். சுவாசப்பையில் நீர் கோக்கும். இருமலும் மூச்சுத் திணறலும் வரும். இதுவே இதயச் செயலிழப்பு ஆகும்.

7. 1944 மார்ச்

1943இன் இறுதியில் தெஹ்ரான் மாநாட்டிலிருந்து திரும்பிய பின் ரூஸ்வெல்ட்டுக்குக் காய்ச்சல், இருமல், களைப்பு ஆகியன விட்டபாடில்லை. தந்தையின் தோற்றத்தைக் கண்டு அஞ்சிய மகள் ஆனா, முழுமையான பரிசோதனை வேண்டுமென வற்புறுத்தினார். 1944 மார்ச் மாத இறுதியில் பெதெஸ்டா கடற்படை வைத்தியசாலையில் ஹவார்ட் புரூன் என்னும் இளம் இதய நிபுணர் அவரைப் பரிசோதித்தார்.

சற்று அசைந்தாலே மூச்சு வாங்கியது. உதடுகளும் நகங்களும் நீலம் பாரித்திருந்தன. சுவாசப்பையின் அடியில் நீர் தேங்கிய ஒலி கேட்டது. எக்ஸ்-கதிர்ப் படத்தில் இதயம் பருத்திருந்தது. உயர் குருதியமுக்கம், அதனால் வந்த இதய நோய், இடது இதயவறையின் செயலிழப்பு என புரூன் நிர்ணயித்தார். முந்தைய அளவீடுகள் ஏழு ஆண்டுகளாகக் கோப்பில் இருந்தவைதாம். அன்றுதான் அவற்றின் பொருள் வாசிக்கப்பட்டது.

புரூனிடம் இருந்த ஆயுதங்கள் சில. டிஜிட்டாலிஸ் என்னும் பூச்செடியின் இலையிலிருந்து பெறும் மருந்து, உப்புக் குறைந்த உணவு, ஓய்வு, சிகரெட்டைக் குறைத்தல், உடல் நிறையைக் குறைத்தல். டிஜிட்டாலிஸ் இதயத்தின் சுருக்கத்தைப் பலப்படுத்தும். நாடிகளின் ஒடுக்கத்தை அது நீக்காது. எனவே சில நாட்களில் இருமல் தணிந்தது, உறக்கம் வந்தது, சுவாசப்பை தெளிந்தது. ஏப்ரலில் தென் கரோலினாவில் ஏறத்தாழ ஒரு மாதம் ஓய்வெடுத்தார். ஆனால் குருதியமுக்கம் மட்டும் இறங்கவில்லை.

ஜனாதிபதியின் உடல்நிலை வயதுக்கேற்ப நன்றாக இருப்பதாகவே மக்களுக்குச் சொல்லப்பட்டது. புரூன் நாள்தோறும் வந்து பார்த்தும், தமக்கு என்ன நோய் என்று ரூஸ்வெல்ட் ஒருநாளும் கேட்கவில்லை. 1944 நவம்பர் 7ஆம் திகதி வாக்களித்த மக்களுக்கும் உண்மை தெரியாது. நாட்டை வழிநடத்துபவரின் நோயை அறிய மக்களுக்கு உரிமை உண்டா, அல்லது போர்க்காலத்தில் அதனை மறைப்பது முறையா என்ற கேள்வி இன்றும் விவாதிக்கப்படுகிறது. நீங்களும் சிந்தியுங்கள்.

8. யால்டாவும் இறுதி நாட்களும்

1945 பெப்ரவரி 4 முதல் 11 வரை கருங்கடற் கரையிலுள்ள யால்டாவில் சேர்ச்சில், ஸ்டாலின் ஆகியோருடன் ரூஸ்வெல்ட் கூடினார். போலந்து பற்றிய கடினமான பேச்சுக்குப் பின் ஒருநாள் அவரது நாடித்துடிப்பு ஒன்று பலமாகவும் அடுத்தது பலவீனமாகவும் மாறி மாறி அடித்ததை புரூன் கவனித்தார். களைத்துப்போன இதயவறையின் அடையாளம் அது. நோயின் காரணமாகவே அவர் ஸ்டாலினுக்கு விட்டுக்கொடுத்தார் என்று கூறுவோர் உண்டு. ஆனால் அவரது சிந்தனை தெளிவாகவே இருந்தது என்பது உடனிருந்த புரூனின் கருத்து. வரலாற்று விடையில் இரு பக்கத்தையும் எழுதுவதே முறை.

மார்ச் 1ஆம் திகதி காங்கிரஸ் சபையில் யால்டா பற்றி உரையாற்றியபோது முதல் தடவையாக அமர்ந்தபடியே பேசினார். கால்களில் பூட்டிய இரும்பின் பாரத்தைக் காரணமாகக் கூறி மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். மாத இறுதியில் ஓய்வுக்காக வோம் ஸ்பிரிங்ஸ் சென்றார்.

1945 ஏப்ரல் 12ஆம் திகதி. ஓவியர் ஒருவர் அவரது உருவத்தை வரைந்துகொண்டிருந்தார். பகல் ஒரு மணியளவில் தலையின் பின்புறம் கடுமையாக வலிப்பதாகக் கூறி நினைவிழந்தார். புரூன் ஓடிவந்து அளந்தபோது குருதியமுக்கம் 300/190ஐத் தாண்டியிருந்தது. மூளையில் குருதிக்கலன் வெடித்திருந்தது. பிற்பகல் 3.35க்கு உயிர் பிரிந்தது. வயது 63. ஐக்கிய நாடுகள் அமைப்பை உருவாக்கும் சான் பிரான்சிஸ்கோ மாநாடு ஏப்ரல் 25இல் தொடங்கியது. மே மாதத்தில் ஜேர்மனி சரணடைந்தது. இரண்டையும் காண அவர் இருக்கவில்லை. அந்த ஓவியம் முடிக்கப்படாமலே வோம் ஸ்பிரிங்ஸில் பாதுகாக்கப்படுகிறது.

9. அவருக்குப் பின்

1948 ஜூன் மாதத்தில் அடுத்த ஜனாதிபதி ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதே ஆண்டில் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் பிராமிங்ஹம் நகரில் 5,209 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. உயர்ந்த குருதியமுக்கம் வயதின் இயல்பன்று, அது மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இதயச் செயலிழப்புக்கும் வழி என்பதை அந்த ஆய்வு நிறுவியது.

மருந்துகளும் வந்தன. 1950களின் பிற்பகுதியில், உப்பையும் நீரையும் சிறுநீருடன் வெளியேற்றும் தயசைட் மாத்திரை வந்தது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சை ஆராய்ந்தபோது கிடைத்த தடயத்திலிருந்து, அஞ்சியோதென்சின் உருவாவதைத் தடுக்கும் கப்ரோப்பிரில் என்னும் மருந்து தயாரிக்கப்பட்டு 1981இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இவ்வகை மருந்துகள் அமுக்கத்தைக் குறைப்பதுடன், தடித்த இதயவறையின் தடிப்பையும் ஓரளவு குறைக்கின்றன. உலகப் போரை நடத்திய ஜனாதிபதிக்குக் கிடைக்காத மாத்திரை இன்று சாதாரண கிளினிக்கில் கிடைக்கிறது.

நினைவிற் கொள்க

• உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. அளந்தால் மட்டுமே தெரியும்.
• நாடிகள் ஒடுங்குதல் → அமுக்கம் உயர்தல் → இடது இதயவறை தடித்தல் → விரிந்து தளர்தல் → இதயச் செயலிழப்பு. இந்த ஒழுங்கை மாற்றி எழுத வேண்டாம்.
• ஒடுக்குபவை: அஞ்சியோதென்சின், எண்டோதீலின். விரிப்பது: நைத்திரிக் ஒட்சைட்டு.
• உப்பைக் குறைத்தல், புகைக்காமை, உடற்பயிற்சி, அளவான உடல் நிறை, மருந்தை ஒழுங்காக உட்கொள்ளல் ஆகியன கட்டுப்படுத்தும் வழிகள்.

பயிற்சி வினாக்கள்

1. ரூஸ்வெல்ட்டின் 1935, 1937, 1941ஆம் ஆண்டுகளின் அளவீடுகளை ஒப்பிட்டு நீங்கள் பெறும் முடிவு யாது?
2. சாதாரண நிலையில் இடது இதயவறையின் சுவர் வலது இதயவறையின் சுவரைவிடத் தடிப்பாக இருப்பது ஏன்?
3. டிஜிட்டாலிஸ் கொடுத்த பின் இருமல் தணிந்தும் குருதியமுக்கம் குறையாதது ஏன் என விளக்குக.
4. ரூஸ்வெல்ட்டின் நோய் மக்களுக்கு மறைக்கப்பட்டமை பற்றிய உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.
5. உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர், தமக்கு வருத்தம் ஒன்றும் தெரியவில்லை என்று கூறிப் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இப்பாடத்தில் கற்றவற்றைக் கொண்டு அவருக்கு எவ்வாறு விளக்குவீர்கள்?

ஐந்தாவது வினாவுக்கான விடையைக் கொப்பியில் எழுதுவதோடு நிறுத்த வேண்டாம். அப்படியொருவர் வீட்டில் இருந்தால் இன்றிரவே அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.